திடுக் வேறு, திக்திக் வேறு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருந்து, விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை போன வாரம் எழுதியிருந்தாள். "அண்ணா, 1982-ல வந்த தி திங் படத்தைப் பழைய லேப்டாப்பில் பார்த்தேன். ராத்திரி மொட்டைமாடிக்குப் போய்த் துணி எடுக்க முடியல. மறுநாள் அதுக்கு முன்கதையா 2011-ல எடுத்த படத்தைப் பார்த்தேன். கிராபிக்ஸ் எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா நான் பாட்டுக்குப் பொரி சாப்பிட்டுக்கிட்டே பார்த்து முடிச்சிட்டேன். இது ஏன்? தம்பி பத்தாவது பரீட்சை முடிச்சிட்டான், அவனுக்கு எதை முதல்ல காட்டலாம்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய படம் என்றாலே தனி மதிப்புதான் என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அது பதில் ஆகாது. அவள் பயந்து பார்த்த அந்த 1982 படமே (அண்டார்க்டிகா முகாம் ஒன்றில், எந்த உயிரின் உருவத்தையும் எடுக்கக்கூடிய வேற்றுக்கிரக ஜந்து மனிதர்களுக்குள் கலந்துவிடும் கதை) 1951-இல் வந்த ஒரு படத்தின் ரீமேக்தான். 1958-இல் வந்த தி ஃப்ளை படத்தை டேவிட் க்ரோனென்பெர்க் 1986-இல் திரும்ப எடுத்தார், இன்று பலருக்கும் நினைவில் இருப்பது அந்த ரீமேக்தான். ஆக, விஷயம் படத்தின் வயதில் இல்லை.

இதை விளக்கத் தமிழில் ஏற்கெனவே இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன. திடீரென்று கதவு அறைந்தால் நமக்குத் 'திடுக்' என்கிறது, தூக்கிவாரிப் போடுகிறது. கதவு எப்போது அறையும் என்று தெரியாமல் காத்திருக்கும்போது நெஞ்சு 'திக்திக்' என்கிறது. நம் பாட்டிமார் பிரித்துவைத்த இந்த இரண்டையும் நரம்பியலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் ஆட்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து முழு நீளப் பேய்ப் படம் போட்டுக் காட்டினார்கள், 2020-இல் முடிவு வெளியானது. பயம் மெல்ல ஏறும்போது மூளையில் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள பகுதிகள் கூர்மையாகின்றன. பேய் சட்டென்று குதிக்கும்போது, உணர்ச்சி, ஆபத்தை எடைபோடுவது, முடிவெடுப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன.

திடுக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளியில் படித்த அனிச்சைச் செயல்தான் அது. எங்கள் பக்கம் சாவு ஊர்வலம் போனால் மேளத்தோடு பட்டாசும் வெடிக்கும். வெடிக்கப் போகிறது என்று தெரிந்தும், திரி எரிவதைக் கண்ணாலேயே பார்த்தும் கண் சிமிட்டும், தோள் ஏறும், கழுத்து உள்ளே இழுக்கும். சத்தம் காதில் விழுந்து 30 முதல் 40 மில்லி வினாடிக்குள் கண்ணிமை மூடத் தொடங்கிவிடுகிறது. காதில் இருந்து மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து தசைகளை இயக்கும் நரம்புகளுக்கும் செய்தி போய்விடும். யோசிக்கும் மூளைக்கு விஷயம் தெரியும்போது உடம்பு ஏற்கெனவே குலுங்கி முடித்திருக்கும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்தத் திடுக்குக்கு ஒரு வால்யூம் திருகு இருக்கிறது, அதைத் திருகுவது திக்திக்.

1951-இல் பிரவுன், காலிஷ், ஃபார்பர் என்ற மூவர் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். ஓர் அறிகுறி வந்தால் அடுத்து ஷாக் அடிக்கும் என்று எலிக்கு முதலில் பழக்குகிறார்கள். அப்புறம் ஷாக் எதுவும் கொடுக்காமல், அந்த அறிகுறியோடு சேர்த்து ஒரு திடீர் சத்தம் மட்டும் போடுகிறார்கள். வெறும் சத்தத்துக்கு ஓரளவு துள்ளிய அதே எலி இப்போது இன்னும் பெரிதாகத் துள்ளுகிறது. சத்தம் அதேதான், காத்திருப்பு மட்டும் கூடியிருக்கிறது. பின்னால் மைக்கேல் டேவிஸ் என்ற ஆய்வாளர் பல வருடம் உட்கார்ந்து இந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தேடினார். மூளைக்குள் வாதுமைக்கொட்டை அளவில் இருக்கும் அமிக்டலாவைச் சேதப்படுத்தினால் எலி சத்தத்துக்குத் துள்ளுவது நிற்கவில்லை, ஆனால் அந்தக் கூடுதல் துள்ளல் மட்டும் மறைந்துபோனது. திடுக்கின் கம்பி வேறு, திருகு வேறு என்பது அப்படித்தான் உறுதியானது. 1986-இல் டேவிஸோடு சேர்ந்து இந்த ஆய்வைச் செய்தவரின் பெயர் ஜானிஸ் ஹிட்ச்காக். திகில் படங்களின் பெரிய பெயரும் அதே ஹிட்ச்காக்தான் என்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னும் ஒன்று. 1997-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. மனிதர்களை இருட்டில் உட்காரவைத்துச் சத்தம் போட்டால் வெளிச்சத்தில் துள்ளுவதைவிட அதிகம் துள்ளுகிறார்கள். எலிகளோ பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் அதிகம் துள்ளுகின்றன! இருட்டில் நடமாடும் பிராணிக்கு வெளிச்சம் பயம், பகலில் நடமாடும் நமக்கு இருட்டு பயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, கீழே முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் இரவு மாடிப்படியில் ஏறும்போது மேல்வீட்டில் ஒரு எவர்சில்வர் குடம் உருண்ட சத்தத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அதே குடம் பகலில் உருண்டிருந்தால் தலையைக்கூடத் திருப்பியிருக்க மாட்டேன்.

எலி துள்ளுவதை அளந்து யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குக் கீழே சின்ன மின்முனை ஒட்டி இமைத் துடிப்பை அளக்கும் இந்த முறையைத்தான் இன்று போரிலும் விபத்திலும் அடிபட்டவர்களின் மன அதிர்ச்சியை ஆராயப் பயன்படுத்துகிறார்கள். பயன் தெரிய முப்பது நாற்பது வருடம் பிடித்தது. நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அந்தப் பணத்தில் இப்படி உடனே பலன் காட்டாத வேலைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, படத்துக்கு வருவோம். திக்திக்கை எது ஏற்றுகிறது? 2016-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் உட்காரவைத்தார்கள். திரையில் கற்கள் வரும், கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஷாக். வியர்வையையும் கண்ணின் பாப்பா விரிவதையும் அளந்தார்கள். பாம்பு நிச்சயம் இருக்கிறது, ஷாக் நிச்சயம் அடிக்கும் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் உச்சம். அடி நிச்சயம் என்றால் உடம்பு ஒருவிதமாகச் சமாதானம் ஆகிவிடுகிறது.

இந்த பாதிக்குப் பாதியைத் திரையில் மிக அழகாகச் செய்த படம் என்று நான் நினைப்பது 1975-இல் வந்த ஜாஸ். கடல் தண்ணீரில் இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் செய்ததால் அதைக் காட்ட முடியாமல், ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்களை வைத்துச் சுறா வருவதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு ஸ்வரம்தான் எலிக்குக் காட்டிய அறிகுறி. நடுவில் இரண்டு பையன்கள் போலிச் சுறாத் துடுப்பை வைத்துக் கடற்கரையையே கலவரப்படுத்துவார்கள், அப்போது அந்த இசை வராது. பார்ப்பவனுடைய மூளை, இசை வந்தால் சுறா, வராவிட்டால் சுறா இல்லை என்று கணக்குப் போட்டு நிம்மதியாகிவிடும். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, படகின் பின்னால் இரை போட்டுக்கொண்டிருக்கும்போது, இசையே இல்லாமல் சுறா தலையைத் தூக்கும். போட்ட கணக்கு மொத்தமாக உடைந்து, அதற்குப் பிறகு அமைதியையும் நம்ப முடியாமல் போகிறது.

இப்போது ரீமேக். 1960-இல் ஹிட்ச்காக் எடுத்த சைக்கோவை 1998-இல் கஸ் வான் சாண்ட் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே, கலரில் எடுத்தார். திரைக்கதை அதே, பெர்னார்ட் ஹெர்மனின் கிறீச்சிடும் வயலின் இசையும் அதே. ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. திடுக்குக்கான எல்லாம் அப்படியே இருந்தும் பயம் வரவில்லை. 1960-இல் உட்கார்ந்தவர்களுக்குக் கதாநாயகி என்று நம்பிய பெண் பாதிப் படத்துக்குள் கொல்லப்படுவாள் என்று தெரியாது. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கட்டளை போட்டது அதற்காகத்தான். 1998-இல் அந்தக் குளியலறையை அறியாதவர் குறைவு. பாம்பு எந்தக் கல்லுக்கு அடியில் என்று தெரிந்துபோயிற்று.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நம் ஊர் அனுபவம் ஒன்றும் விளங்கும். 1993-இல் வந்த மலையாள மணிச்சித்திரத்தாழ் 2004-இல் கன்னடத்துக்குப் போய், 2005-இல் சந்திரமுகியாகத் தமிழுக்கு வந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் என்னோடு உட்கார்ந்திருந்த பெரும்பாலோருக்கு அது ரீமேக்கே இல்லை. அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குக் கேள்வி முழுசாகத் திறந்தே இருந்தது. எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஜப்பானியப் பேய்ப் படத்தை அமெரிக்காவில் திரும்ப எடுத்த தி ரிங்கும் அங்கே 2002-இல் அப்படித்தான் ஓடியது.

சந்திரமுகியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கதை சொன்னது, ஆவி இல்லை, மனநோய் என்று. விசில் அடித்துப் பார்த்தோம். ஆனால் வீட்டில் ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் காதில் குரல் கேட்டால் இன்றும் முதலில் பேய் ஓட்டத்தான் கூட்டிப்போகிறோம். பயந்த குழந்தைக்குக் கயிறு மந்திரித்துக் கட்டுவதோடு எனக்குச் சண்டை இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்தார்கள், அதை மறக்கக் கூடாது. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை நம் பகுதியில் இருந்து ஒரு பஸ் தூரத்தில் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம், அதனால் போக வேண்டியவர்கள் போகாமல் இருக்கிறார்கள்.

முன்கதைப் படத்தின் சிக்கல் ரீமேக்கைவிடப் பெரியது. ரீமேக்கில் முடிவை மாற்றலாம், முன்கதையில் அதற்கு வழியில்லை. 1973-இல் வந்த தி எக்ஸார்சிஸ்டுக்கு முன்கதையை இரண்டு தடவை எடுத்தார்கள். பால் ஷ்ரேடர் எடுத்தது பிடிக்காமல் ஒதுக்கிவைத்து, ரென்னி ஹார்லினை வைத்துத் திரும்ப எடுத்து 2004-இல் வெளியிட்டு, அப்புறம் 2005-இல் ஷ்ரேடருடையதையும் வெளியிட்டார்கள். இரண்டிலும் நாயகன் பாதிரியார் மெரின். அவர் வயதான காலத்தில் பேய் பிடித்த சிறுமியின் வீட்டு வாசலில் வந்து நிற்பதை நாம் 1973-லேயே பார்த்துவிட்டோம், ஆகவே இங்கே அவருக்கு எதுவும் ஆகாது. பிழைப்பவர் நிச்சயம் பிழைப்பார், சாகிறவர் நிச்சயம் சாவார் என்ற இடத்தில் பாதிக்குப் பாதி எங்கே வரும்? திக்திக்கை ஏற்ற முடியாதபோது திடுக்கைக் கூட்டுகிறார்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு பெரும் சத்தம். ஆனால் ஒரே மாதிரி சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் துள்ளல் குறைந்துகொண்டே வரும், அதையும் எலியில் பார்த்திருக்கிறார்கள். முன்கதையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024-இல் வந்த எ கொயட் பிளேஸ் டே ஒன் முந்தைய படங்களில் இல்லாத ஒரு பெண்ணை நடுவில் வைத்தது, அவளுடைய கதி நமக்குத் தெரியாது.

தங்கையின் பொரிக்கு இதுதான் காரணம். 2011 படம் நார்வேக்காரர்களின் முகாமில் நடக்கிறது. அந்த முகாம் எரிந்துபோனதையும், அங்கிருந்து ஒரு நாய் ஓடிவருவதையும் 1982 படத்திலேயே அவள் பார்த்துவிட்டாள். எவ்வளவு நல்ல கிராபிக்ஸ் போட்டாலும் படம் அந்த நாயிடம் போய்த்தான் நிற்க வேண்டும். 1982 படத்தில் யார் மனிதன், யார் மனிதன் போல இருக்கும் அது என்று கடைசி நொடி வரைக்கும் நமக்குத் தெரிவதில்லை.

தம்பிக்கு எது முதலில் என்பதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. கதையின் கால வரிசைப்படி 2011-ஐ முதலில் காட்டிவிடாதே, 1982-ஐக் காட்டு. விளக்கை அணைத்துவிடு, போனை வாங்கி வைத்துக்கொள். ஆரம்பத்தில் ஹெலிகாப்டரில் வந்து நாயைச் சுடும் நார்வேக்காரர் தன் மொழியில் கத்திச் சொல்வதே, இது நாய் இல்லை என்பதைத்தான். அந்த மொழி தெரிந்தவர்களுக்குப் படம் அங்கேயே பாதி போய்விடுகிறது, நல்லவேளை நமக்குத் தெரியாது. அப்புறம் அந்த நாய் சத்தமே இல்லாமல் தாழ்வாரத்தில் நடந்து, திறந்திருக்கும் ஒரு அறைக்குள் போகும், சுவரில் ஒரு ஆளின் நிழல் மட்டும் திரும்பும். அது யாருடைய நிழல் என்று அவன் கேட்பான், சொல்லாதே.