நுழைவாயில் வேண்டாம், வாயில் போதும்

வீட்டு ரூட்டரின் செட்டிங்ஸைத் தமிழில் விளக்கக் கிளம்புகிறவர்கள், கேட்வே என்று வந்தால் யோசிக்காமல் ‘நுழைவாயில்’ என்று போட்டுவிடுகிறார்கள். டீஃபால்ட் கேட்வேயை ‘இயல்புநிலை நுழைவாயில்’ என்று படிக்கும்போதெல்லாம் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது.

சொல்லின் கதை சிறியது. இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே நின்று, ஒன்றில் வரும் தரவுப் பொட்டலத்தை வாங்கி மற்றதில் சேர்க்கும் கருவிக்குத் தொடக்கத்தில் கேட்வே என்றுதான் பெயர். இணையம் இயங்கும் விதிகளை எழுதிவைக்கும், எண் போட்ட ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். பொட்டலங்களை முகவரி பார்த்து அனுப்பும் ஐ.பி. முறைக்காக 1981இல் வந்த ஆர்.எஃப்.சி. 791 அந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. 1987இல் வந்த 1009இன் தலைப்பிலும் கேட்வேதான். அதன் இடத்துக்கு 1995இல் வந்த 1812 தலைப்பிலேயே ரூட்டர் என்று மாற்றிக்கொண்டது. கருவிக்குப் புதுப்பெயர் வந்தும், செட்டிங்ஸ் பக்கத்தில் பழைய பெயர் தங்கிவிட்டது.

நுழைதல் என்றால் உள்ளே போவது. வீட்டுக் கணினிக்கோ கேட்வே என்பது வெளியே போகிற வழி. சரி, ஒரு சொல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று விட்டுவிடலாம்தான், இரண்டு ரூட்டர்களை இணைக்கிற நாள் வரும்வரை.

கீழ்வீட்டு ரூட்டர் 192.168.1.1, அதன் நெட்வொர்க் 192.168.1.0. மாடி ரூட்டரின் இணையப் போர்ட்டிலிருந்து கீழ் ரூட்டரில் வீட்டுக் கருவிகளைச் செருகும் லேன் போர்ட்டுக்கு ஒரு கேபிள். மாடி ரூட்டருக்குக் கீழே கிடைத்த முகவரி 192.168.1.2, மாடியில் அதன் சொந்த முகவரி 192.168.2.1. மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் உடனே கிடைத்துவிடும். கீழிருந்து மாடிக்கு எதுவும் போகாது, 192.168.2.0 எங்கே இருக்கிறது என்று கீழ் ரூட்டருக்குத் தெரியாது. மாடி ரூட்டரில், உள்ளே இருக்கும் முகவரிகளைத் தன் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைக்கும் நேட்டை அணைத்து, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலிலும் இடம் விட்டு, கீழ் ரூட்டரில் ஸ்டாட்டிக் ரூட் ஒன்று, அதாவது இந்த நெட்வொர்க்குக்கு இதுதான் வழி என்ற குறிப்பு, எழுத வேண்டும். சேருமிடம் 192.168.2.0, முகவரியில் எவ்வளவு நெட்வொர்க்குக்கு உரியது என்று காட்டும் மாஸ்க் 255.255.255.0, அதற்கடுத்து நிரப்ப வேண்டிய கட்டம் கேட்வே.

தமிழ் வழிகாட்டி அங்கே ‘நுழைவாயில் முகவரியை உள்ளிடவும்’ என்கிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? நுழைய வேண்டியது மாடி நெட்வொர்க்குக்குள். அதன் வாசல் 192.168.2.1. அதையே போடுவார். வேலை செய்யாது. கீழ் ரூட்டருக்குக் கை எட்டுகிற முகவரி 192.168.1.2 மட்டும்தான், அதைத்தான் போட வேண்டும். படித்தவர் மேல் தப்பே இல்லை, சொல் அவரைத் தவறான கதவுக்கு அனுப்பிவிட்டது.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலா? வாயில் இருக்கிறதே! தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலி என்று பன்னிருவரை ‘வாயில்கள்’ என்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே நின்று ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்ப்பவர்கள் இவர்கள். கேட்வே செய்வதும் அதே வேலைதான். இன்றும் ‘கடிதத்தின் வாயிலாக’ என்கிறோம். அதில் கதவும் இல்லை, நுழைவும் இல்லை. பாணனைத் தூதுவிட வேண்டுமென்றால் அவன் நம் முற்றத்துக்கு வந்து நிற்க வேண்டும். அங்கேதான் 192.168.1.2ம் நிற்கிறது.

வாயில் என்றால் வாசல் என்று மயங்குவார்களே என்று கேட்கிறவர்களும் உண்டு. பேச்சில் நாம் எல்லோரும் வாசல் என்றுதான் சொல்கிறோம். வாயில் சும்மாதான் கிடக்கிறது, வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். டீஃபால்ட் கேட்வேயை ‘இயல்பு வாயில்’ என்றால் முடிந்தது. வேறு வழி தெரியாத பொட்டலம் எல்லாம் அதன் கைக்குப் போகும்.

இந்த ‘நுழை’ வியாதி ரூட்டரோடு நிற்கவில்லை. பேமெண்ட் கேட்வேயைக் ‘கட்டண நுழைவாயில்’ ஆக்கியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு பொருட்காட்சிக்குள் போகிற இடம் என்றுதான் எனக்குப் படுகிறது. மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தச் சொல் எந்தக் கட்டத்தின் மேல் உட்காரப்போகிறது என்று ஒருமுறை திறந்துகூடப் பார்ப்பதில்லை. இதற்குக் கேட்வே என்றே தமிழ் எழுத்தில் விட்டுவைப்பது எவ்வளவோ மேல். பிரிட்ஜைப் ‘பாலம்’ என்பதில் எனக்குச் சண்டை இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடுகிற இடத்தில் அது சரியாகவே பொருந்துகிறது.