முதலில் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியை அளக்க விடுங்கள்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ‘உயரங்களும் தொலைவுகளும்’ பாடத்தில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போடுகிற பிள்ளையை வெளியே கூட்டிப்போய், "நம்ம பள்ளிக்கூடக் கட்டடம் எவ்வளவு உயரம், கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே போய் நிற்பது என்றே தெரியாமல் முழிக்கும். புத்தகத்தில் 30°, 60° என்று கோணத்தை யாரோ கொடுத்துவிடுகிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி வரவேண்டும் என்றுதான் சில வருடங்களாக அவர்களையே அளக்க விடுகிறேன்.

செலவு ஒன்றும் இல்லை. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிற பாகைமானி, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா, கொஞ்சம் நூல், நூல் நுனியில் கட்ட ஒரு நட்டு. பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்து, மேலே வருகிற நேர் விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் கருவி தயார். ஸ்ட்ரா வழியாகக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்து, நூல் பாகைமானியில் எந்த எண்ணில் நிற்கிறது என்று படிக்க வேண்டும். தூரம் அளக்க விளையாட்டு ஆசிரியரிடம் 30 மீட்டர் டேப் இருக்கும். நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். ஸ்ட்ரா வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்.

போன முறை நான்கு குழுக்கள் 12 மீட்டர் தள்ளி நின்று அளந்தன. வந்த விடைகள் 9.8, 11, 11.5, 16. நான் மாடியிலிருந்து கல் கட்டிய நூலை இறக்கி அளந்தேன், 11.2 மீட்டர். 9.8 சொன்ன குழு தங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கூட்ட மறந்திருந்தது. 16 சொன்ன குழுவிடம் தவறு இதுதான் என்று நான் சொல்லவில்லை, ஸ்ட்ராவை நேர்மட்டமாகப் பிடித்து நூலைப் பார்க்கச் சொன்னேன். நேர்மட்டத்தில் கோணம் பூஜ்யம்தானே, ஆனால் நூல் 90இல் நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த ஒரு பெண், "சார், அப்போ 90லேர்ந்து கழிக்கணும்!" என்று கத்தினாள். பரீட்சைக்குப் பிறகும் அவளுக்கு அது மறக்காது.

அப்புறம் எங்கே நிற்பது என்ற கேள்வி. 45° காட்டுகிற இடம் வரை பின்னால் நடந்தால், நடந்த தூரத்தோடு கண் உயரத்தைக் கூட்டினால் போதும், டேன் (tan, தூரத்தை எதனால் பெருக்கினால் உயரம் வரும் என்று கோணத்துக்குக் கோணம் சொல்கிற எண்) அட்டவணையே தேவையில்லை. ஒரு பாகை தவறினால் உயரத்தில் வருகிற பிழையும் அங்கேதான் மிகக் குறைவு. 15 மீட்டர் உயரத்துக்கு 45°இல் ஏறத்தாழ அரை மீட்டர்தான் தவறும், 70° வருகிற அளவுக்குக் கிட்டே போனால் அதே ஒரு பாகை 80 சென்டிமீட்டர் தவறவைக்கும். இதைப் பிள்ளைகள் இரண்டு இடத்தில் நின்று பார்த்தே புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டு பீரியடில் இது முடிந்துவிடும். போர்ஷன் முடியாது என்று பயப்படுகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்துவிடலாம், டேன் அங்கேயே வந்துவிடுகிறது.

சென்னையில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை பரங்கிமலைக்குக் கூட்டிப்போங்கள். பெற்றோர் கடிதம், தண்ணீர், தொப்பி, கூட ஒரு ஆசிரியர், அவ்வளவு போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிய படிகள் சுமார் 135. பிள்ளைகள் எண்ணினால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள், சொல்லட்டும். பத்துப் படிக்கு ஒரு படியை ஸ்கேலால் அளந்து, சராசரியைப் படிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஏறிய உயரம் வரும். மேலே பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டனின் சிலை இருக்கிறது. 1802இல் இந்த மலைக்கும் பெரும்பாக்கம் பக்கத்துக் குன்றுக்கும் நடுவே, ஏறக்குறைய 12 கிலோமீட்டரை, 100 அடிச் சங்கிலியால் அளந்தவர். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துத் திருத்தம் செய்தார்கள். அந்த நீளத்தை ஒரு பக்கமாக வைத்து, கோணங்களை அளந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போட்டுக்கொண்டே போன முக்கோணங்கள்தான் பின்னால் இமயம் வரை போய் எவரெஸ்டின் உயரத்தையும் சொல்லின.

இதைச் சொன்னதும் 16 மீட்டர் குழுவில் இருந்த ஒரு பையன், "12 கிலோமீட்டரும் சங்கிலி கோணாம எப்படி சார் போச்சு?" என்று கேட்டான். திங்கட்கிழமை மைதானத்தில் மூன்று குச்சிகளை நட்டு, முதல் குச்சிக்குப் பின்னால் மற்ற இரண்டும் மறைகிற வரை அவனையே நகர்த்தி நகர்த்தி நடச் சொன்னேன்.