ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் தவணை, திங்கட்கிழமை போட்ட பணம்

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, 2025 ஆகஸ்ட் மாத நடுவில் பாஸ்புக்கோடு வந்து நின்றார். “பணம் கட்டிய பிறகும் பிடித்திருக்கிறார்கள், தம்பி. அதுவும் 140, 155, 295 என்று வாய்க்கு வந்த தொகை” என்றார். தையல் மிஷின் வாங்கிய கடனுக்கு மாதம் 4,200 ரூபாய் தவணை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும்.

தொகைகள் வாய்க்கு வந்தவை அல்ல. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ரவிக்கை தைத்த கூலி வியாழக்கிழமை இரவே கைக்கு வந்துவிட்டது. மறுநாள், 8ஆம் தேதி, வரலட்சுமி நோன்பு. வீட்டை விட்டு நகர முடியவில்லை. 9ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. 10 ஞாயிறு. திங்கட்கிழமை காலை கவுண்ட்டர் திறந்ததும் முதல் ஆளாகப் போய் 4,200 ரூபாய் கட்டினார். ‘லீவு நாளில் எப்படி எடுப்பார்கள், திங்கட்கிழமைதானே எடுப்பார்கள்’ என்பது அவர் கணக்கு.

சில வருடங்களுக்கு முன்பு அந்தக் கணக்கு சரிதான். தவணை, காப்பீட்டு பிரீமியம், சீட்டு என்று நாம் எழுதிக் கொடுத்த ஒப்புதலின் பேரில் பணத்தை இழுக்கும் ஏற்பாட்டுக்கு ‘நாச்’ என்று பெயர். அது வங்கி வேலை நாட்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை வாரத்தின் ஏழு நாட்களும் ஓட அனுமதித்துவிட்டது. சம்பளமும் ஓய்வூதியமும் ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் ஏறுவது இதனால்தான். ஏறுவதைப் போலவே இறங்குவதும் நடக்கும் என்பதை மட்டும் யாரும் வாசலில் எழுதி ஒட்டவில்லை.

ஆகவே ஞாயிறு அன்று தவணை கேட்டு வந்தது. கணக்கில் இருந்தது 140 ரூபாய். தவணை திரும்பியது. திரும்பியதற்கு வங்கியின் கட்டணம் 250. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 45, ஆக 295. இருந்த 140ஐ எடுத்துக்கொண்டு, மீதி 155ஐப் பாக்கியாகக் குறித்து வைத்தது கணினி. திங்கட்கிழமை 4,200 விழுந்த உடனே அந்த 155 போய்விட்டது. மிச்சம் 4,045. புதன்கிழமை கடன் நிறுவனம் மறுபடி தவணை கேட்டது. 155 குறைவு. மறுபடியும் திரும்பியது, மறுபடியும் 295. கடன் நிறுவனம் தன் பங்குக்கு ஒவ்வொரு முறையும் 500. ஒரு நோன்பு நாளுக்கு 1,590 ரூபாய் செலவு.

இதை எல்லோரும் ‘ஓ.டி. சார்ஜ்’ என்று சொல்கிறார்கள். அது ஓ.டி. இல்லை. சாதாரண சேமிப்புக் கணக்கில் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுக்க வங்கி கடனாகப் பணம் தருவது, தானாக வராது. பணம் இல்லையென்றால் வங்கி கைக்காசு போட்டுத் தவணையை முடித்து வைக்காது, திருப்பித்தான் அனுப்பும். பிடிப்பது திருப்பி அனுப்பிய கூலி. இது வங்கிக்கு வங்கி மாறும். 500 வாங்கும் வங்கிகளும் உண்டு. ஏ.டி.எம்.மில் இருப்புக்கு மேல் கேட்டாலும் 20, 25 ரூபாய் என்று பிடிப்பார்கள்.

குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதம் வேறு கதை. பாரத ஸ்டேட் வங்கி அதை 2020 மார்ச்சிலேயே கைவிட்டது. 2025இல் கனரா வங்கி ஜூன் 1 முதலும், பஞ்சாப் நேஷனல் வங்கி ஜூலை 1 முதலும், இந்தியன் வங்கி ஜூலை 7 முதலும் சேமிப்புக் கணக்குகளுக்கு அதை எடுத்துவிட்டன. இன்னும் வாங்கும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்த நிபந்தனைகள் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன: இருப்பு குறைந்ததும் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்பத்தான் அபராதம் இருக்க வேண்டும். அந்த அபராதத்தாலேயே சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது. பாஸ்புக்கில் மைனஸ் தெரிந்தால் இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம், தயங்க வேண்டாம். ஆனால் குறைந்தபட்ச இருப்பு அபராதம் ரத்து என்ற செய்தியைப் படித்துவிட்டு, தவணை திரும்பினாலும் கட்டணம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் பணத்தை எப்போது போடுவது? தவணைக் கோரிக்கை பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். அன்று பத்து மணிக்குக் கவுண்ட்டரில் நிற்பது தாமதம்தான். முந்தைய நாள் மாலைக்குள் பணம் இருக்க வேண்டும். முந்தைய நாள் விடுமுறை என்றால் அதற்கும் முந்தைய நாள். கவுண்ட்டர் மூடிவிட்டால் பணம் போடும் மிஷின் இருக்கிறது. இருப்பு உடனே ஏறும். ஆனால் பெரும்பாலான மிஷின்கள் 100, 200, 500 ரூபாய்த் தாள்களைத்தான் வாங்கும். அக்காவிடம் இருந்ததில் பாதி ஐம்பது ரூபாய்த் தாள்கள். விடுமுறை நாளிலும் இரவிலும் மிஷினில் போட்டால் தனிக் கட்டணம் வாங்கும் தனியார் வங்கிகளும் உண்டு என்பதால் ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த சுலபமான வழி மளிகைக் கடைதான்: சில்லறையைக் கடைக்காரரிடம் கொடுத்தால் அவருக்கும் உபயோகம், அவர் யு.பி.ஐ.யில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் கணக்கில் விழும்.

ஒருமுறை திரும்பிவிட்டால், தவணைத் தொகையை மட்டும் போடாதீர்கள். பாக்கியாக நிற்கும் கட்டணத்தையும் சேர்த்து, அதற்கு மேல் ஐந்நூறு கூடுதலாகப் போடுங்கள். அக்காவின் இரண்டாவது 795 ரூபாய் நஷ்டம் முழுக்க முழுக்க அந்த 155இல் வந்தது.

செக் கொடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ‘இன்று செக் கொடுத்தால் நாளை மறுநாள்தான் வரும், அதற்குள் பணம் போட்டுக்கொள்ளலாம்’ என்ற பழைய வியாபாரக் கணக்கு 2025 அக்டோபர் 4 முதல் செல்லாது. பகலில் வரும் செக்குகள் தொடர்ச்சியாக அனுப்பப்படுகின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

உண்மையான ஓ.டி. கடைக்காரர்களின் நடப்புக் கணக்கில் இருப்பது. அனுமதித்த வரம்பில் எவ்வளவு எடுத்திருக்கிறோமோ அதற்கு மட்டும், நாள் முடிவில் நிற்கும் தொகையை வைத்து வட்டி. 40,000 ரூபாய் வசூலை வங்கியில் கட்டாமல் கல்லாவிலேயே ஒரு இரவு வைத்தால், 11 சதவீத வட்டியில் 12 ரூபாய் நஷ்டம். பன்னிரண்டு ரூபாய்க்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஓட வேண்டிய நாள் வேறு: வரம்பைத் தாண்டி நிற்கும் நாள். வரம்புக்கு மேல் தொடர்ந்து 90 நாள் நின்றாலும், 90 நாள் வரவே இல்லாமல் போனாலும், வந்தது வட்டிக்குக்கூடப் போதாமல் இருந்தாலும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகும்.

தவணைக் கடனிலும் நாளை எண்ணும் முறை கறாரானது. 2021 நவம்பர் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கியே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறது. மார்ச் 31 கெடு என்றால், அன்றைய கணக்கை வங்கி முடிக்கும் முன் முழுப் பணமும் வர வேண்டும். வராவிட்டால் மார்ச் 31 முதலே பாக்கி. அது அப்படியே நின்றால் ஏப்ரல் 30, மே 30 என்று படி ஏறி, ஜூன் 29இல் வாராக்கடன்.

ஏழைகளுக்கான ஓ.டி.யும் ஒன்று உண்டு. 2014இல் தொடங்கிய ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை எடுக்கலாம்; 2,000 வரை நிபந்தனை இல்லை. அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் ஒழுங்காக வரவு செலவு இருக்க வேண்டும். வயது 18 முதல் 65 வரை; வீட்டுக்கு ஒருவர், பெண்ணுக்கே முன்னுரிமை. கிளையில் போய்க் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், கேட்காமல் கிடைக்காது.

கடன் நிறுவனம் பிடித்த 500க்கும் விதி இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் கொடுத்த கடன்களில் அபராதத்தை வட்டியாக ஏற்றக் கூடாது. அபராதத்தின் மேல் வட்டி போடவும் கூடாது. அக்காவின் ஒப்பந்தத்தில் 500 என்று அச்சிட்டே இருந்தது. அதனால் கடன் நிறுவனத்திடம் கேட்க ஒன்றும் இல்லை. வங்கியிடம் மட்டும், இரண்டாவது 295ஐத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டோம். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் போகலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். அதற்குத் தேவைப்படவில்லை. மேலாளர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, ‘இந்த ஒரு முறைக்கு’ என்று சொல்லி 295ஐ வரவு வைத்தார். தவணைத் தேதியை 10இலிருந்து 15க்கு மாற்றித் தரும்படி கடன் நிறுவனத்துக்கு அக்கா எழுதியிருக்கிறார்.