பங்கர் என்றால் பதுங்குகுழியா?

எங்கள் ஒழுங்கை முகப்பில் பல வருடம் ஒரு மண்மூட்டைக் கூடு இருந்தது. தகரக் கூரை, தென்னங்குற்றி, துவக்கு நீட்ட ஒரு துவாரம். போர் முடிந்து சில வருடங்களில் அதைப் பிரிக்க ஆமிக்காரர் வந்தார்கள். அதில் ஓர் இளம் பொடியன் தமிழ் வகுப்புக்குப் போனவன். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அம்மம்மாவிடம் பெருமையாகச் சொன்னான்: "அம்மா, நாளைக்கு இந்தப் பதுங்குகுழி இல்லை."

அம்மம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "பதுங்கினது நாங்கள் தம்பி. நீங்கள் நிண்டது சென்றி" என்றார்.

சிங்களப் பொடியன் நல்ல தமிழில் பேச, தமிழ்க் கிழவி சென்றி (sentry, காவல்) என்ற ஆங்கிலச் சொல்லால் திருத்தினார். ஆனால் திருத்தம் சரிதான். பங்கருக்குத் தமிழ் பதுங்குகுழி என்று அவனுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு சொல்லை எல்லா இடத்திலும் வைக்க முடியாது.

பங்கர் முதலில் போர்ச்சொல்லே இல்லை. ஸ்கொட்லாந்துக்காரர் வாயில் அது உட்காரும் பலகை. அடியில் சாமான் போட்டுவைக்கும் பெட்டி இருக்கை. கோல்ஃப் விளையாட்டில் அது மணற்பள்ளமானது. நீராவிக் கப்பல்கள் வந்தபோது கரி கொட்டிவைக்கும் அறைக்கும் அதே பெயர். கரி போய் எண்ணெய் வந்த பிறகும் பெயர் போகவில்லை. கப்பலுக்கு எரிபொருள் ஏற்றுவதைத் துறைமுகத்தில் இன்றும் பங்கரிங் என்கிறார்கள். ஜேர்மானியர் இந்தக் கரியறைச் சொல்லை எடுத்து, குண்டுக்குத் தப்ப நிலத்துக்குள் கட்டும் கொங்கிறீட் காப்பிடத்துக்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அது அந்தப் பொருளோடு ஆங்கிலத்துக்கே திரும்பி வந்தது.

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். சீனன்குடாவுக்குப் போனால் போதும். பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்களுக்கு ஊற்றுவதற்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், எண்ணிக்கையில் 99, காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்துபோனது. உருகிய எச்சம் இன்னும் கிடக்கிறது. அந்தப் பக்கமே விமானப்படையின் கோல்ஃப் மைதானமும் உண்டு. ஆக மணற்பள்ளம், கப்பல் எண்ணெய், குண்டுக்கு ஒளிய வேண்டிய காரணம் என்று மூன்று பங்கரின் கதையும் ஒரே குடாவில். வேறு எந்த ஊருக்கு இந்தப் பாக்கியம்!

சரி, தமிழுக்கு வருவோம். பதுங்குதல் என்றால் உடலைக் குறுக்கி மறைந்திருத்தல். புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். சனம் பதுங்கியது பாய்வதற்கல்ல, உயிர் தப்ப. 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் செல்லடி தொடங்கியபோது வளவுக்குள் வெட்டியதற்கு இந்தச் சொல் அச்சாகப் பொருந்தும். ஆங்கில 'எல்' எழுத்துப்போல வளைத்து வெட்டுவார்கள். வாசலில் செல் விழுந்தாலும் சிதறல் நேரே உள்ளே வராது. மேலே குற்றி அடுக்கி மண் போட்டு மூடுவார்கள்.

ஆனால் ஒழுங்கை முகப்பில் இருந்தது நின்று காவல் காக்கிற, தேவைப்பட்டால் சுடுகிற இடம். அதற்குக் காவலரண் என்பதே சரி. ஈழத்துப் பத்திரிகைகள் நெடுங்காலமாக அப்படித்தான் எழுதுகின்றன. சென்றி என்பது உண்மையில் காவலாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். எங்கள் வாயில் ஆளும் இடமும் வேலையும் எல்லாம் சென்றிதான். சிலர் பங்கருக்குச் சுருங்கை என்று எழுதலாம் என்கிறார்கள். சிலப்பதிகாரத்து மதுரையில் யானைகள் போகும் சுருங்கை வீதி வருகிறது. அது சுரங்க வழி, ஒளியும் குழியல்ல. போதாக்குறைக்கு அதையே கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பாரும் உண்டு. கப்பல் பங்கரிங்குக்கு எரிபொருள் நிரப்பல் போதும், புதிதாக எதையும் செதுக்க வேண்டாம்.

இவ்வளவு பொருத்தமான சொல் இருந்தும் வீட்டில் ஏன் பங்கர் என்றே சொன்னோம்? என் ஊகம் இது: குழி வெட்டுதல் என்றால் எங்களுக்குச் சாவு வீடு. சின்ன வயதில் நான் ஒருமுறை "குழிக்குள்ளை போவம்" என்று சொல்லி அம்மம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். அந்நியச் சொல்லுக்கு அந்தத் தீட்டு இல்லை.

அந்தப் பொடியன் வேறொன்றையும் எங்களிடம் கற்றான். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வந்தபோது படலைக்கு வெளியே நிறைகுடம் வைத்திருந்தோம். சுவாமி வருகிறார் என்றதும் தொப்பியைக் கழற்றினான். பிறகு எங்கள் வெறுங்கால்களைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தையும் கழற்றத் தொடங்கினான். இராணுவச் சப்பாத்துக் கயிறு லேசில் அவிழாது. ஒரு காலில் சப்பாத்தோடு நின்றே கும்பிட்டான்.

எங்கள் வளவுப் பங்கரைத் தூர்த்து அம்மம்மா கதலி வாழை வைத்தார். கிணத்தடி, புளியடி மாதிரி அந்த இடத்துக்குப் பங்கரடி என்று பெயர் விழுந்துவிட்டது. "பங்கரடிக் குலை முத்திட்டுது, வெட்டு" என்பார். பதுங்குகுழியடி என்று வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.