டூ ஃபோர் ஜீரோ ஜீரோ: விமானிகளின் ரேடியோ பேச்சு

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து வந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து உத்தரவு வந்தது: "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ." 2,400 அடிக்கு இறங்கு என்று சொன்னார் கட்டுப்பாட்டாளர். விமானி அறையில் கேட்டதோ "டிசென்ட் டு... ஃபோர் ஜீரோ ஜீரோ". அதாவது 400 அடிக்கு இறங்கு. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் போனது. அதை யாரும் திருத்தவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதியது, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

முறைப்படி அந்த உயரத்தை "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் முதல் சொல் காதில் விழாமல் போனாலும் மிச்சமிருப்பதை 400 அடி என்று எடுத்துக்கொள்ள வழியில்லை. பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போய், உத்தரவில் "டு" வருகிற இடத்தையே கட்டுப்படுத்திவிட்டார்கள். "டு" வந்தால் அடுத்த சொல் "ஆல்டிட்யூட்" அல்லது "ஹைட்" என்று இருக்க வேண்டும், எண் அதற்குப் பிறகுதான். மேல்மட்ட உயரங்களை நூறு அடிக் கணக்கில் "ஃப்ளைட் லெவல்" என்று தொடங்கிச் சொல்வார்கள், அவற்றுக்கு "டு" கிடையவே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் அரசு அலுவலகத்துப் படிவம் போல இருக்கும் இந்தக் கறாரான பேச்சில் பல விதிகள் இப்படி வந்தவைதான்.

கொஞ்சம் ரேடியோவையும் பார்த்துவிடலாம். விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில். ஒரு அலைவரிசையில் இருபது விமானங்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், விட்டால்தான் கேட்கும். செல்பேசி போல இரு பக்கமும் சேர்ந்து பேச வழியில்லை. ஒலி மோசமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இது இன்னும் பழைய ஏஎம் முறை. பாட்டுக் கேட்கத் தெளிவான எஃப்எம் இருக்கும்போது விமானத்துக்கு ஏன் ஏஎம்? எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மற்றதை முழுசாக விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே யாருக்கும் தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி "கீ..." என்று ஒரு கீச்சொலி எழும். என்ன சொன்னார்கள் என்று புரியாது, ஆனால் இரண்டு பேர் பேசினார்கள் என்பது தெரிந்துவிடும். அப்புறம் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

கேட்டுக்கொள்ளலாம் என்பது மட்டும்தான். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃபே தீவில், பனிமூட்டத்தில், டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் விமானம் அனுமதியில்லாமல் புறப்பட ஓடத் தொடங்கியபோது கோபுரத்திலிருந்து "ஓகே" என்ற சொல் வந்தது. அதற்கடுத்து வந்த "ஸ்டாண்ட் பை ஃபார் டேக் ஆஃப்" என்ற பகுதியும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் விமானி சொன்னதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. கேஎல்எம் விமானி அறையில் "ஓகே"வும் அதைத் தொடர்ந்து ஒரு கீச்சொலியும்தான். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் "டேக் ஆஃப்" என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும் சொல்வது என்று ஆனது. மற்ற இடங்களில் "டிபார்ச்சர்".

இதற்கெல்லாம் அடிப்படை, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. உயரம், திசை, ஓடுபாதை எண், காற்றழுத்தம் என எதைக் கொடுத்தாலும் விமானி அதே எண்களைத் தன் விமானத்தின் பெயரோடு சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "ராஜர்" போதாது. "ராஜர்" என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம், என்ன விழுந்தது என்பது அதில் தெரியாது. இதில் சிரமமான பாதி கட்டுப்பாட்டாளருடையது: அவர் அந்தப் பதிலைக் கவனித்துக் கேட்க வேண்டும். தான் சரியாகச் சொன்னோம் என்ற நினைப்பில் இருப்பவருக்கு, திரும்பி வரும் பதிலும் சரியாகவே கேட்கும். சுபாங்கில் அந்த "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" திருத்தப்படாமல் போனதும் இந்த இடத்தில்தான்.

ஆம் என்று சொல்ல "அஃபர்ம்" என்பதுகூட இதே கவலையில் வந்த வழக்கு. "அஃபர்மேட்டிவ்" என்றால் ஆம், "நெகட்டிவ்" என்றால் இல்லை. இரண்டும் முடிவது "டிவ்" என்று. பொத்தானை அழுத்துவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டால் சொல்லின் முன்பாதி காணாமல் போகும், மிஞ்சுவது "...டிவ்". ஆமா, இல்லையா?

சரி, விதிகள் உலகத்துக்கே ஒன்றுதான் என்றால் பிரச்சினை எங்கே? ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. அமெரிக்காவில் விமான எண்ணை "ட்வெல்வ் தர்ட்டி ஃபோர்" என்று கூட்டிச் சொல்வார்கள், மற்ற நாடுகளில் "ஒன் டூ த்ரீ ஃபோர்". எண்ணில் வரும் புள்ளிக்கு அங்கே "பாயிண்ட்", மற்ற நாடுகளில் "டெசிமல்". அங்கே காற்றழுத்தம் பாதரச அங்குலத்தில், பெரும்பாலான நாடுகளில் ஹெக்டோபாஸ்கலில். முன்னால் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வருபவருக்கு "கிளியர்ட் டு லேண்ட்" சொல்லிவிடுவது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் பழகிய விமானிக்கு, ஓடுபாதை காலியாகாமல் அப்படி ஒரு அனுமதி வந்தால் நெஞ்சு ஒரு நொடி நிற்கும். 2010 செப்டம்பர் 30 வரை அங்கே ஓடுபாதைக்குள் போய் நில் என்பதற்கு "பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்று சொல்லிவந்தார்கள். மற்ற நாடுகளில் "ஹோல்ட் பொசிஷன்" என்றால் இருக்கிற இடத்திலேயே நில், ஒரு அடி நகராதே! ஏறக்குறைய அதே சொற்கள், நேர் எதிரான உத்தரவு. அதன்பிறகுதான் அமெரிக்காவும் "லைன் அப் அண்ட் வெயிட்" என்பதற்கு வந்தது.

நம்மில் பலர், ஆங்கிலம் சரளமாக வந்தால் ரேடியோ பேச்சும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்வதேச வான்வழியில் பறக்க ஆறு நிலைகள் கொண்ட ஆங்கிலத் தேர்வில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நான்காம் நிலையில் இருப்பவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் தேர்வுக்குப் போக வேண்டும். ஆறாம் நிலைக்காரருக்கு மறுதேர்வே கிடையாது. ஆனால் நியூயார்க் கென்னடி நிலையத்தில், படபடவென்று அரை வாக்கியங்களில் உத்தரவு கொட்டுபவர் ஆறாம் நிலைக்காரர்தான். அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அத்தனை விமானங்களை அந்த வேகம் இல்லாமல் நகர்த்தவும் முடியாது. ஆனாலும் பத்து மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து வந்த நான்காம் நிலை விமானிக்கு அந்தச் சரளம் உதவாது. ஊர் வழக்கில் "நமஸ்கார்", "போன்ஷூர்" என்று ஒரு வணக்கம் போடுவது யாரையும் குழப்பாது. உத்தரவின் நடுவே வருகிற வட்டார வழக்குதான் குழப்பும்.

மொழி இன்னொரு விதத்திலும் குறுக்கே வரும். உள்ளூர் மொழியில் பேசவும் விதிகள் இடம் தருகின்றன, பிரான்சில் அது சாதாரணம். 2022 மே 23 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏ320 விமானம் ஒன்று பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் மழைமேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உயரமானி சரியாகக் காட்ட அதில் வைக்க வேண்டிய உண்மையான காற்றழுத்தம் 1001 ஹெக்டோபாஸ்கல். கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில் சொன்னது 1011. விமானிகள் 1011 என்று அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். அதே கட்டுப்பாட்டாளர் பிரெஞ்சு விமானிகளுக்குப் பிரெஞ்சில் சரியாக 1001 என்றுதான் சொன்னார். பிரெஞ்சு தெரிந்திருந்தால், ஏன் மற்றவர்களுக்கு வேறு எண் என்று அந்த ஏ320 விமானிகள் யோசித்திருக்கலாம். பத்து ஹெக்டோபாஸ்கல் தவறினால் உயரமானி சுமார் 280 அடி தவறாகக் காட்டும். கருவிக் கணக்கில் பாதுகாப்பான உயரத்தில் இருந்த விமானம், உண்மையில் ஓடுபாதைக்கு ஒரு கடல் மைலுக்கும் குறைவான தூரத்தில் தரையிலிருந்து வெறும் 6 அடி வரை வந்துவிட்டது. ஓடுபாதை கண்ணில் படாததால் விமானிகள் முறைப்படி மேலே ஏறினார்கள், அதனால் பிழைத்தார்கள். அந்த முயற்சியின்போது, எவ்வளவு தாழ்ந்திருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்தச் சம்பவம் திருப்பிச் சொல்லும் முறையின் எல்லையையும் காட்டுகிறது. கேட்பவர் செய்யும் பிழையை அது பிடிக்கும். சொல்பவரின் பிழையை, அவரே கவனித்தால் ஒழிய, பிடிக்காது. அங்கே ரேடியோவில் மிச்சமிருக்கும் பாதுகாப்பு, அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களின் காதுகள்தான். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் விமானிகள் 126.9 மெகாஹெர்ட்ஸில் தாங்கள் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகிறார்கள். தரையை முழுசாக நம்ப முடியாத இடத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது அங்கே எழுதப்பட்ட நடைமுறை.

கடல்மீது இந்தக் குரல் ரேடியோ எட்டாது. 35,000 அடியில் பறந்தாலும் சுமார் 400 கிலோமீட்டர்தான், அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். வங்கக் கடலின் நடுவே போகும் விமானங்கள் தொலைதூரம் எட்டினாலும் இரைச்சல் மிகுந்த ஹெச்எஃப் ரேடியோவில் கத்த வேண்டியிருந்தது. இப்போது அவை சென்னைக் கட்டுப்பாட்டுப் பகுதியின் 'விஓஎம்எஃப்' என்ற முகவரியில் செயற்கைக்கோள் வழியாக இணைந்து எழுத்துச் செய்தியில் பேசுகின்றன. உயர மாற்றம் வேண்டுமா, அதற்கென்று வார்த்தைகள் ஏற்கெனவே தயாராக இருக்கும், எண்ணை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். "டு"வும் "டூ"வும் குழம்பாது, உச்சரிப்புச் சிக்கல் இல்லை, கீச்சொலி இல்லை. ஆனால் பக்கத்து விமானத்துக்கு என்ன உத்தரவு போனது என்பதும் கேட்காது. பதில் வர நேரமும் எடுக்கும். அதனால் விமானங்கள் நெருங்கிப் பறக்கும் நிலையங்களின் அருகே இன்னும் அந்தப் பழைய ஏஎம் ரேடியோதான் ஓடிக்கொண்டிருக்கிறது.