தகரத்தை வெட்டுவதற்கு முன்: பழைய கார் பந்தயமும் பாடி வேலையும்

“மட்கார்டை இரண்டு அங்குலம் வெளியே இழுத்துக் கொடுங்கள் அண்ணா.” பழைய காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்ய வரும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான். சென்னைச் சாலையும் சேலம் சாலையும் கூடும் கிருஷ்ணகிரியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். தாத்தா ஓட்டிய ஹெரால்டோ ஃபியட்டோ காவேரிப்பட்டணத்திலிருந்தும் வரும், ஓசூரிலிருந்தும் வரும். அகல டயர், ஃபைபர் பானட், பின்னால் ஓர் இறக்கை என்று பட்டியல் நீளும். செய்து கொடுத்தால் எனக்குக் கூலி கிடைக்கும். ஆனாலும் வேண்டாம் தம்பி என்றுதான் சொல்கிறேன். அந்த வேலை அரை நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு பந்தயக்களத்துச் சோதனையிலும் நிற்காது, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் நிற்காது அந்தக் கார்.

பழைய கார்களுக்கான சர்வதேசப் பந்தயங்களுக்கு, உலக அளவில் கார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் ‘பின்னிணைப்பு கே’ என்ற விதித்தொகுப்புதான் அடிப்படை. அதன் உயிர்நாடி ஒன்றே: ஒரு மாடல் தன் காலத்துப் பந்தயத்தில் எந்த வடிவத்தில், எந்த உலோகத்தில் ஓடியதோ, இன்றும் அப்படியே ஓட வேண்டும். 1962 முதல் 1965 வரை ஒரு காலகட்டம், 1966 முதல் 1969 வரை இன்னொன்று என்று ஆண்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காருக்கும் படங்களோடு ஒரு தொழில்நுட்பப் பாஸ்போர்ட் உண்டு. “அந்தக் காலத்திலேயே இந்த மாற்றம் இருந்தது” என்று யாராவது சொன்னால், அதை ஆவணத்தோடு நிரூபிக்கும் பொறுப்பு காரின் சொந்தக்காரருடையது.

‘அந்தக் காலத்தில் இருந்தது’ என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபெராரி 1961-இலேயே தன் 246 எஸ்.பி. காரின் பின்விளிம்பில் காற்றைத் தடுக்கும் ஒரு மடிப்பை வைத்தது. அதைக் காட்டி, அதே ஆண்டு வெளிவந்த ஹெரால்டின் டிக்கியில் ஒரு மடிப்பை ஒட்டிக்கொள்ள முடியாது. சாட்சி அந்த மாடலுக்கே இருக்க வேண்டும். 1963-இல் ஜாகுவார் அலுமினிய உடலோடு இ-டைப் பந்தயக் கார்களைக் கட்டியது உண்மை. ஆனால் அவை மொத்தம் 12 மட்டுமே. கடையில் விற்ற மற்ற இ-டைப்களின் உடல் இரும்புத் தகடுதான்.

நம் பக்கத்து உதாரணம் இதைவிடத் தெளிவானது. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அழகான இரும்புத் தகட்டு வேலை அது. எடை குறையும் என்று அதைக் கழற்றிவிட்டு ஃபைபரில் ஒன்றை மாட்டினால் காரின் அசலான முகமே போய்விடுகிறது. பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982 முதல் தயாரித்த டால்பின் காருக்கு நிலைமை நேர்மாறு. அது பிறந்ததே ஃபைபர் உடலோடு. சோழவரம் ஓடுதளப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு டால்பினை மறக்க முடியாது. அதன் விரிசல்களை அடைக்கிறேன் என்று தகரத்தை ரிவெட் அடித்து வந்த ஒரு வண்டியைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. ஃபைபரோ இரும்போ, எதுவும் தன்னளவில் குற்றமில்லை; அந்தக் காருக்கு உரியதா என்பதே கேள்வி.

இனி மட்கார்டு. சக்கரத்துக்கு மேலே வளைந்து வரும் தகட்டின் ஓரத்தை உள்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். சிறுவிரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு தட்டுப்படும். பின்சக்கரம் என்றால், வெளித்தகடும் உள்தகடும் பெரும்பாலான கார்களில் அந்த மடிப்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கால் சேர்ந்திருக்கும். அகல டயர் உரசுகிறது என்று முதலில் வெட்டுவதும் அதையேதான். வெட்டியதும் இரண்டு தகடுகளும் வாய் பிளந்துவிடும். அதை வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக மூடி, மேலே பட்டியை, அதாவது மேடுபள்ளம் நிரப்பும் பசையைப் பூசி, பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் டயர் அள்ளித் தெளிக்கும் சேறு உள்ளே தங்கி, பெயின்ட் கொப்பளிக்கத் தொடங்கும்.

இத்தனைக்கும் காரணம் டயர்தான். பந்தய விதி சக்கரத்தின் அகலத்தையும் அந்தக் காலத்து அளவோடு நிறுத்திவிடுகிறது. அந்த அளவுச் சக்கரத்துக்கு அசல் மட்கார்டே போதும்.

காரின் கட்டுமானமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஹெரால்டுக்குச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனியாக உண்டு. உடல் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஃபியட் 1100-க்கு அப்படி இல்லை. அதன் உடலே சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் பகுதியை அதில் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், கதவு பிறகு சரியாகப் பொருந்தவே பொருந்தாது.

பாதுகாப்புக்கான மாற்றங்கள் வேறு வகை. கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு, சீட் பெல்ட், தீயணைப்பான், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் போன்றவற்றுக்கு விதிகள் இடம் தருகின்றன. பல போட்டிகளில் அவை கட்டாயம். ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் ஜி.ஐ. பைப்பில் கூண்டு கட்டித் தரச் சொல்லி என்னிடம் யாரும் வர வேண்டாம். எஃப்.ஐ.ஏ. அளவுப்படி பிரதான வளைவுக்குத் தையலில்லாத எஃகுக் குழாய் வேண்டும்: 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். போல்ட்டில் பொருத்தும் கூண்டின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று 8 மி.மீ. போல்ட், அடியில் 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ. தாங்குதகடு. துருவேறிய தரையில் இதைப் பொருத்திப் பயனில்லை. தரையை முதலில் சரிசெய்ய வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட வேலை இது.

பந்தயக்களம் தாண்டினால் சட்டம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிகள் இன்னும் கறாரானவை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட விண்டேஜ் பதிவு எண் பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மட்கார்டை அகலப்படுத்திய கையோடு இந்த வாய்ப்பையும் வெட்டிப் போடுகிறீர்கள். அந்த எண் பெற்ற காரைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு, மட்கார்டு, பானட் என்று வரிசையாக ஒட்டிப் பாருங்கள். அசல் இரும்புத் தகடு என்றால் சட்டென்று கவ்வும். பட்டி தடித்த இடத்தில் பிடி தளரும். ஃபைபரில் நழுவி விழும். அசலிலேயே அலுமினியமாக வந்த பாகங்களிலும் ஒட்டாது என்பதால் மாடலின் விவரத்தை முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

வேலைக்கு விடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடிப்பாகம் உட்பட. போட்டி அமைப்பாளரின் துணை விதிகளை வாங்கி டிங்கரிடமும் ஒரு படி கொடுங்கள். ஏற்கெனவே வெட்டிய காராக இருந்தாலும் பெரும்பாலும் மீட்கலாம். அதற்கு எனக்குத் தேவை கழற்றிப் போட்ட பழைய துண்டு. துருவில் சல்லடையாகிப் போயிருந்தாலும் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் வளைவிலிருந்துதான் அட்டையில் அச்சு எடுத்துப் புதுத் தகட்டை அடிக்க முடியும்.