ஆமைக்கு ஒரு வாசல், இறாலுக்கு ஒரு வழக்கு

"ஆமை சாவது நம் கடலில். அதற்கு அமெரிக்கா எதற்கு நம் இறாலை வாங்க மாட்டேன் என்கிறது?" 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை ஒட்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் 1996இல் உலக வர்த்தக அமைப்பின் கதவைத் தட்டின.

ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது பள்ளியில் படித்ததுதான். இறாலுக்காகப் படகு இழுத்துப் போகும் பை போன்ற வலையான இழுவைமடிக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். இதற்காக அமெரிக்காவில் ஒரு கருவி செய்தார்கள். மடி குறுகிக் கடைசிப் பைக்குப் போகும் இடத்தில், ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகக் கட்டுகிறார்கள். கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. இறால் அதில் நுழைந்து பைக்குப் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டும்; படகு இழுக்க இழுக்க, தண்ணீரே அதைச் சாய்வோடு தள்ளிக்கொண்டு போய் மடியில் வெட்டிவிட்ட திறப்பில் சேர்க்கும். திறப்பை ஒரு வலைத்துண்டு மூடியிருக்கும். ஆமை முட்டினால் விலகும், போனதும் நீரழுத்தத்தில் தானே படிந்துகொள்ளும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. சூட்சுமம் எல்லாம் சாய்வில்: சட்டம் ரொம்ப நிமிர்ந்தால் ஆமை கம்பியோடு அப்பிக்கொள்ளும், ரொம்பப் படுத்தால் இறாலும் நழுவிவிடும்.

இந்தக் கருவி போடாத நாட்டு இறால் வேண்டாம் என்றது 1989ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். 1998 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்டது. தீர்ந்துபோகும் இயற்கை வளத்தைக் காக்கவா இந்தத் தடை? ஆம், உயிரினமும் அந்த வளத்தில் அடக்கம். வாசகருக்கான பதிலும் இங்கேதான்: கடலாமை எல்லை பார்த்து நீந்துவதில்லை, அதே இனங்கள் அமெரிக்கக் கடலிலும் உண்டு. சரி, தடையை எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டார்களா? கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்று வருட அவகாசம், பேச்சுவார்த்தை. ஆசியாவுக்கு நான்கே மாதம். இங்கேதான் அமெரிக்கா மாட்டிக்கொண்டது.

நான்கு நாடுகளும் ஜெயித்தன, தடை மட்டும் போகவில்லை. அமெரிக்கா விதிகளைத் திருத்தி, ஆசிய நாடுகளோடு பேசவும் தொடங்கியது. மலேசியா மறுபடி வழக்குக்குப் போய் 2001இல் தோற்றது. 2019இல், கருவி போடவில்லை என்று இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா தடை போட்டது. பண்ணை இறாலுக்கு அது பொருந்தாது. இத்தனைக்கும் கொச்சியில் உள்ள அரசின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ற கருவியை எப்போதோ வடிவமைத்துவிட்டது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த கையோடு, நழுவிப்போகும் கொஞ்சம் இறாலுக்கான நஷ்டத்தையும் அரசு ஏற்க வேண்டும், அதை விசைப்படகுக்காரர் தலையில் கட்டக் கூடாது என்பது என் கட்சி.